பதினேழாம் எண் மஞ்சள் சட்டை

புடுடா,
ஞாயிற்றுக்கிழமை

என் மகன் முடோமாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கை கயின்சாவும் அவள் குழந்தையும் சுகம், மழை ஒழுங்காகப் பெய்கிறது, காப்பிச் செடி பூத்துவிட்டது. தோஹா வெயிலில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நலம் விசாரித்தாயிற்று, இனி உன்னைத் திட்டப்போகிறேன், உட்கார்ந்து படி.

என் பைக்கை விற்கலாம் என்று பைக் டாக்ஸி ஸ்டாண்டுத் தலைவர் வெபுகுலுவிடம் போனில் சம்மதம் சொன்னாயாமே, அது யாருடைய பைக்கடா? ஒன்பது வருடமாக இந்த மலைச் சரிவில் ஆள் ஏற்றுகிறவள் நான். உன் அறை நண்பர்கள் நான் பைக் ஓட்டும் படத்தைப் பார்த்துச் சிரித்தார்கள் என்றா இந்த அவசரம்? முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் ஆயில் கசிந்தது உண்மைதான், அது பிரேக்கில் இறங்கினால் வளைவில் வண்டி நிற்காது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஸ்டாண்டில் பாதி வண்டிகளில் கசிகிறது, அவர்கள் பழைய காலுறையை ஃபோர்க்கில் சுற்றி மறைத்துக்கொள்கிறார்கள். நான் மறைக்கவில்லை, அதுதான் குற்றம். அது இல்லாமல் ஸ்டாண்டில் ஆள் ஏற்ற முடியாது என்று தெரிந்தே, வெபுகுலு என் பதினேழாம் எண் மஞ்சள் சட்டையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் என் இடம் தன் மைத்துனனுக்கு என்றார். பட்டறைக்காரன் மூன்று வாரம் ஆகும் என்றான், அவனும் அவருடைய ஆள். வீட்டிலேயே மாற்றிக்கொள்கிறேன் என்றேன். "பொம்பள கைக்கு அது அடங்காது முடோமாம்மா, வித்துட்டுப் போய் மூங்கில் குருத்து சமைங்க" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னார்.

புதன்கிழமை எஞ்சினுக்கு அடியில் கல் அடுக்கி, முன் சக்கரத்தைக் கழற்றி, ஃபோர்க் இரண்டையும் உருவிப் பிரித்துப் போட்டேன். ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம், அந்தப் புது சீல் ஒன்றை அவசரத்தில் அப்படியே ஃபோர்க் பைப்பில் தள்ளிவிட்டேன், பைப்பின் விளிம்பு அதைக் கிழித்திருக்கிறது, மறுநாள் காலையில் பார்த்தால் மறுபடி ஆயில். கயின்சா, "அண்ணன் சொல்றதக் கேட்டா என்னம்மா" என்றாள். அன்று அழுதேன், உன்னிடம் மறைப்பானேன். அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டுப் போய் வேறு சீல் வாங்கி வந்தேன். பைப்பில் கடுகளவு துருக்குழி ஒன்று இருந்தது, சோப்புத் தண்ணீர் விட்டு மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினேன். இந்த முறை பைப்பின் நுனியில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ஆயில் தடவியதும் சீல் வழுக்கிக்கொண்டு இறங்கியது, தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றை மேலே வைத்துத் தட்டித் தட்டி நேராக உட்காரவைத்தேன். இரண்டு பக்கமும் ஆயில் ஒரே அளவாக இருக்கவேண்டுமே, பேத்தியின் பால் புட்டியில்தான் அளந்தேன். கயின்சா இன்னும் என்னோடு பேசவில்லை.

நேற்று ஸ்டாண்டுக்குப் போய் வெபுகுலுவின் வெள்ளைக் கைக்குட்டையைக் கேட்டு வாங்கினேன். எல்லோரும் பார்க்க முன் பிரேக்கைப் பிடித்து வண்டியைப் பத்து முறை அழுத்தி எழுப்பி, இரண்டு ஃபோர்க்கையும் அதைக் கொண்டு துடைத்தேன். பொட்டு ஆயில் இல்லை. பிறகு அவர் வண்டிக்கு முன்னால் குந்தி, சுற்றியிருந்த காலுறையை உருவினேன், ஆயில் சொட்டியது. "தலைவரே, உங்க சட்டைய யார்கிட்ட குடுக்கப்போறீங்க?" என்று ஒருவன் கத்தினான், ஸ்டாண்டே சிரித்தது. அவர் என் சட்டையை எடுத்து நீட்டினார். இன்று காலை அவரே தன் ஃபோர்க்குக்கும் சீல் மாற்றச் சொல்லி வண்டியைத் தள்ளிக்கொண்டு நம் முற்றத்துக்கு வந்தார். முன்னால் இரண்டு பேர் இருக்கிறார்கள், வரிசையில் நில்லுங்கள் என்றேன்.

வேளைக்குச் சாப்பிடு, அறைக்குள் செருப்பில்லாமல் நடக்காதே, கடவுள் உன்னைக் காக்கட்டும். வெபுகுலுவுக்கு நீயே போன் போட்டு, பைக் விற்பனைக்கு இல்லை என்று உன் வாயால் சொல்லவேண்டும், மறக்காதே. டிசம்பர் விடுப்பில் வரும்போது பஸ் நிற்கும் இடத்தில் உன்னை ஏற்றிக்கொள்ள நான்தான் வருவேன், மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு. வெட்கமாக இருந்தால் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பின்னால் உட்கார்.

உன்னைப் பெற்றவள்,
நந்துடு