ஆர்விட்டின் ரோஜாவுக்கு நான் போட்ட மூடாக்கு

அக்டோபர் 14
பக்கத்து வீட்டு ஆர்விட் வழக்கம்போல் அரிசோனா வெயிலுக்குக் கிளம்பிவிட்டார். எங்கள் டுலூத் ஊரின் பனி எனக்கு. கூடவே அவர் வீட்டுச் சாவியும், பன்னிரண்டு வருடம் பாடுபட்டு அவரே உருவாக்கிய மஞ்சள் ரோஜாவும். உலகத்திலேயே அது ஒரே செடி.

"மார்லிஸ், மண்ணு கல்லா இறுகின பிறகுதான் வைக்கோல் போடணும். முன்னாடியே மூடினா எலி குடி வந்துடும். பேஸ்மென்ட்ல ஒரு தொட்டி இருக்கு, அதுக்கு மாசம் ஒரு வாய் தண்ணி."

முப்பது வருடம் இந்தப் பனியில் பள்ளிப் பேருந்து ஓட்டியவளுக்குப் பாடம்!

அக்டோபர் 19
நேற்று உறைபனி. செடியைப் பார்க்கவே பாவமாக இருந்தது. மூன்று கட்டு வைக்கோல் போட்டு மூடிவிட்டேன். தலையணை மட்டும்தான் வைக்கவில்லை.

நவம்பர் 2
போன். "மூடிடலையே?"
"சேச்சே."

நவம்பர் 24
மண் இப்போதுதான் இறுகியது. "இன்னைக்குத்தான் மூடினேன்" என்றேன். "கெட்டிக்காரி" என்றார். போனை வைத்ததும் தோட்டத்துப் பக்கத்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன்.

ஜனவரி 9
தொட்டிக்குத் தண்ணீர். உள்ளே வெறும் குச்சி. செத்ததற்கு என்ன வைத்தியம்? ஆனாலும் ஊற்றினேன். சொன்னதில் ஒன்றையாவது செய்ய வேண்டாமா?

ஏப்ரல் 21
வைக்கோலை விலக்கினேன். உள்ளே ஒரு எலிக் குடும்பம், கதவைத் தட்டாமல் நுழைந்தவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தது. அடித்தண்டில் சுற்றிலும் பட்டையே இல்லை — முழுக்கக் கொறித்துவிட்டன. இனி செடி பிழைக்காது. ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்? பன்னிரண்டு வருஷம். அந்த மனுஷன் முகத்துல எப்படி முழிப்பேன்?

மே 3
ஆர்விட் வந்தார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், நவம்பர் பொய் உட்பட. அழுதும்விட்டேன். அவர் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு, பேஸ்மென்ட்டிலிருந்து அந்தத் தொட்டியைத் தூக்கி வந்தார். குச்சியில் சிவப்புத் துளிர்.

"இதுதான்மா அந்த ரோஜா. வெளிய இருந்தது கடைச் செடி. உன் கை சும்மா இருக்காதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்குப் போன் போட்டுப் போட்டுக் கேட்டீங்க?"

"அங்க வேற என்ன பொழுதுபோக்கு?"

அழுகை போய்க் கோபம் வந்தது. இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிடவில்லை.

அக்டோபர் 10
இந்தமுறை தோட்டத்தில் இருப்பது நிஜச் செடி. கிளம்பும்போது காரிலிருந்து கையை மட்டும் ஆட்டினார். புத்திமதி ஒன்றும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

நவம்பர் 19
மண்ணில் தட்டிய மண்வெட்டி இன்று ணங்கென்றது. வைக்கோலைத் தொடுவதற்கு முன் ஆர்விட்டுக்குப் போன் செய்து, மண் இறுகிவிட்டது என்றேன்.

"நிஜமாவா?" என்றார்.

போனைத் தரையருகே பிடித்து மறுபடி தட்டினேன்.