எருதுக் காப்புக் கணத்தார் குற்றத்தை ஊரறியப் படிக்கும் ஓலை

மழை தவறினும் விருதுகள் தவறாத மணிக்குன்ற நாட்டு வேந்தர், போர் காணாமலே வெற்றி கண்ட பரணிகோடர் திருவாணைப்படி, ஓலைநாயகம் இளவெயினன் தென்கோட்டத் தலைவர் நன்னாகனாருக்கு விடுப்பது: தங்கள் கோட்டம் தழைக்க, ஏரும் எருதும் வாழ்க, எருது மாண்டோரின் ஏராவது வாழ்க.

உழுகுடிகள் அறுவடைதோறும் எருதுக் காப்புக் கணத்தாருக்கு நெல் அளப்பதும், எருது மாண்டால் கணத்தார் மாற்றெருது தருவதும் நம் நாட்டுச் சட்டம். மாண்டதற்குச் சான்றாக, சூட்டுக்குறி இட்ட காதை அறுத்துக் காட்டுவது வழக்கம்.

வெண்ணாவலூர் உழத்தி ஆலியின் இரண்டு எருதுகளில் ஒன்று பாம்பு தீண்டி மாண்டது. விதைப்புக்குப் பத்தே நாள்; உழாத நிலத்தை ஊர்ச்சபை எடுத்துக்கொள்ளும். அவள் காதை வாழையிலையில் பொதிந்து, பகல் முழுதும் நடந்து கணத்தார் வாயிலில் நின்றாள். காது வந்துவிட்டது, எருது எங்கே என்று வினவினர் கணத்தார். புதைச்சாச்சே சாமி என்றாள். காதில்லா எருது எங்கேனும் உயிரோடு மேயவும் கூடுமென ஐயுற்று, உடலைக் கொணரப் பணித்தனர். அவளும் கணவன் பொறையனும் தோண்டியெடுத்து, வண்டியைத் தாமே இழுத்து வந்தனர். அதற்குள் காது அழுகிக் குறி மறைந்திருந்தது. காதில்லாத இவ்வுடல் யாருடையதோ என்று மறுப்போலை ஒன்றை நீட்டினர் கணத்தார்.

"அடப் பாவிகளா, அறுக்கச் சொன்னதே நீங்கதானேடா!" என்று அவள் அலறியது அரண்மனைக்குக் கேட்க ஆறு நாள் ஆயிற்று.

அதிகாரிகள் சென்று கணத்தாரின் அறையைத் திறந்தபோது, மறுப்போலைகள் தொள்ளாயிரம் கட்டுக்கட்டாக இருந்தன. பெயருக்கு மட்டும் இடம் விட்டு முன்கூட்டியே எழுதியவை. ஆலிக்குத் தந்த ஓலையில் பங்குனி நாள் பொறித்திருந்தது. அந்நாளில் எருது உயிரோடு களத்தில் நெற்போர் மிதித்துக்கொண்டிருந்தது.

வேந்தர் வெகுண்டார். குற்றம் முழுவதையும் நாற்சந்தியில் முரசறைந்து படிக்கச் செய்தார். கணத்தலைவர், அவர் வேந்தரின் மைத்துனருமாவார், முன்வரிசையில் அமர்ந்து, தாம்பூலம் தரித்துக் கேட்டருளினார். குடிகள் துப்பினர், கலைந்தனர். ஆலி மட்டும் நகரவில்லை. "எல்லாம் நல்லாப் படிச்சீங்க. எருது எப்ப வரும்?" என்றாள். படித்தவர் ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மறுநாள் பொறையன் நுகத்தின் ஒரு பக்கம் தன் கழுத்தைக் கொடுத்தான். மூன்றாம் உழவுச்சாலில் விழுந்தான்; எழவில்லை.

ஆதலின் ஆணையாவது: இக்குற்றத்தைத் தங்கள் நாற்சந்தியிலும் எழுத்துப் பிசகாமல், உரத்துப் படிப்பிக்கவும். எருது குறித்து எவரேனும் வினவினால், அது ஓலையில் இல்லை என்க. கூட்டம் கலையுமுன் இவ்வாண்டுக் காப்பு நெல்லை அளந்துகொள்ளவும்.

வேந்தர் பெருங்கருணையால் ஆலி மட்டும் அளக்க வேண்டியதில்லை. அவளுக்கு இப்போது நிலமில்லை.

இது ஆமை இலச்சினை இட்டது. மீறற்க.