சில்லுக்கு மோதிரம்

1984 யூலை 12

ஓமடா, சிரிச்சனான் தான். வரம்பிலை உழவு மிசினை ஏத்திச் சரிச்சுப்போட்டு, புழுதிக்கை இருந்து திருநீறு பூசின சாமியார் மாதிரி எழும்பி வந்தா, சிரிக்காமல் தேவாரமே பாடுறது? “ஆக்கள் சாகக் கிடந்தாலும் பல்லைக் காட்டுவியள் மாமா” எண்டு என்ரை படலையிலை நிண்டு கத்திப்போட்டுப் போறாய். நீ எங்கை செத்தனீ? தோளிலை ஒரு உரசல். உனக்கு நொந்தது தோளில்லை. நான் கண்டிட்டன், அது தான் நொந்தது.

இதை அவன் நின்றபோதே சொல்லியிருக்கலாம். போன பிறகுதான் வாய்க்கு வருகிறது. வந்ததை வீணாக்கக் கூடாது என்று எழுதி வைக்கிறேன்.

சண்முகநாதன் என் தம்பி மகள் பராசக்தியின் புருஷன். என் வளவுக்குப் பின்வளவு. சின்ன யப்பான் உழவு மிசின் ஒன்று வாங்கிக் கரவெட்டி முழுக்கக் கூலிக்கு உழுகிறான். ஒடுங்கின மிசின், ஆனால் உயரம். பின்சில்லு இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். நிலம் கொஞ்சம் சரிந்தால் தானும் சரியும். ‘கள்ளுக் குடிச்ச கொக்கு’ என்று நான் பெயர் வைத்தேன். இப்போது ஊரே அப்படித்தான் சொல்கிறது.

யூலை 15

கொக்கின் காலை அகட்டப் போகிறானாம்.

யூலை 19

நெல்லியடிக்கு அவனோடு நானும் போனேன். கூப்பிடவில்லை, போனேன். சிமியோனின் கடைசல் பட்டறை. பின்சில்லுக்கும் அச்சுக்கும் நடுவில் இரும்பு வளையம் வைத்தால் சில்லு வெளியே தள்ளி நிற்கும், மிசின் சரியாது. எத்தனை அங்குலம் என்பதுதான் கேள்வி.

சிமியோன் சொன்னான்: “ரண்டங்குல வளையம் எண்டா உள்ள போல்டிலையே கொழுவலாம் தம்பி. ஆனா நட்டு நுனியிலை தான் பிடிக்கும். பிறகு சில்லு ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். நாலங்குலம் எண்டா வளையத்துக்கெண்டு தனிப் போல்ட் வைச்சுத் தருவன். முதல் வளையத்தை அச்சோடை இறுக்கு, பிறகு சில்லை வளையத்தோடை இறுக்கு. பாரம் தான். ஆனா நிம்மதியாப் படுப்பாய்.”

“சில்லுக்கு மோதிரம் போடுறாய், சீதனம் என்ன தருகினம்?” என்று கேட்டேன். சிமியோன் சிரித்தான். மற்றவன் சிரிக்கவில்லை.

யூலை 22

நாலங்குல வளையம் போட்டால் ஒழுங்கைக்குள்ளால் மிசின் போகுமா என்று பார்க்கிறான். அவன் வளவில் இருந்து றோட்டுக்கு வர அந்த ஒடுங்கின பாதை ஒன்றுதான். ஒழுங்கைக்கு ஒரு பக்கம் வைரவர் கோயில் மதில். மற்றப் பக்கம் என் வேலி. மிசின் எவ்வளவு அகலம் வருமோ அந்த அளவுக்கு ஒரு பூவரசந்தடி வெட்டி, அதைக் குறுக்கே பிடித்துக்கொண்டு ஒழுங்கை முழுக்க நடந்தான். காவடிக்காரன் தோற்றான். பின்னால் நின்று “அரோகரா” என்றேன்.

தடி போனது. இரண்டு பக்கமும் நாலு விரல் மிச்சம்.

“காணும் மாமா, தாராளமாப் போகும்,” என்றான். முகமெல்லாம் பல்லு. நான் அவனை அப்படிக் கண்டதில்லை. நாலங்குலத்துக்கே சொல்லிவிட்டான்.

ஓகஸ்ட் 26

மாரிக்கு முதல் வேலி அடைத்தாயிற்று. வேலிக் கதியால் தடிகளை ஒரு சாண் ஒழுங்கைப் பக்கம் தள்ளிப் போட்டேன்.

ஓலை கட்ட வந்தவன் கேட்டான்: “ஐயா, உது வெளியிலை போகுதெல்லே?”

“உன்ரை கண் தான் வெளியிலை போகுது. கட்டு.”

பகிடிக்குத்தான், சும்மா ஒரு விளையாட்டு. அவன் முகத்தை ஒருக்கால் பார்க்க வேண்டும். ஒரு கிழமை வைத்துவிட்டுத் திருப்பிப் போடலாம்.

செப்ரெம்பர் 2

பார்த்தேன். விடிய இருந்து வேலிக்குப் பின்னால் காத்திருந்தேன்.

வளவுக்குள் வைத்து வளையத்தைப் பூட்டி, மிசினுக்குச் சந்தனப் பொட்டும் வைத்துக் கொண்டு வந்தான். பாதி ஒழுங்கையில் ஒரு சில்லு மதிலில், ஒரு சில்லு என் ஓலையில். இறங்கினான். சில்லைப் பார்த்தான், மதிலைப் பார்த்தான். ஓடிப் போய்த் தடியை எடுத்து வந்தான். தடி போகவில்லை. பிறகு தடியைத் திருப்பி, இந்தக் கையில் இருந்த நுனியை அந்தக் கையில் பிடித்துப் பார்த்தான். மற்றப் பக்கம் கட்டை என்று நினைத்தானோ! வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

“பச்சைத் தடியெல்லே தம்பி, வளந்திட்டுது.”

கத்துவான் என்று நினைத்தேன். தடியை மதிலோரம் போட்டான். பின்னுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான். எனக்கு அது பிடிக்கவில்லை.

செப்ரெம்பர் 5

பராசக்தி வந்தாள். “பெரியப்பு, வேலியிலை கை வைக்க அம்மா விடமாட்டாவாம். வேலி வழக்கிலை அப்பு அலைஞ்சு செத்தது காணுமாம், இனியும் வேண்டாமாம். நீங்களே ஒரு சாண் தள்ளிப் போடுங்கோவன்.”

தம்பிக்கு அந்த வழக்கு என்னோடுதான். நான்தான் வென்றேன்.

“பிள்ளை குட்டி இல்லாத வீட்டுக்கு ஏன் அவ்வளவு பெரிய ஒழுங்கை?” என்றேன்.

படலையைச் சாத்தாமலே போனாள். பகிடியாகத்தான் சொன்னேன். பகிடி விளங்காத பெட்டை.

செப்ரெம்பர் 10

வழி கண்டுபிடித்துவிட்டான். காலையில் வளையம் இல்லாமல் ஒழுங்கையால் வந்து, றோட்டுப் பக்க வாசலில் மிசினை ஜக் வைத்து உயர்த்தி, சில்லைக் கழற்றி, வளையத்தைப் பூட்டி, திரும்பச் சில்லைப் பூட்டுகிறான். பொழுதுபட வந்து எல்லாவற்றையும் கழற்றுகிறான். மிசினை றோட்டில் விட ஏலாது. இந்தக் காலத்தில் வெளியே விட்ட வாகனம் விடியும்வரை நிற்குமோ. பராசக்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சில்லைச் சரியாமல் பிடிப்பாள். அவளின் உயரம்தான் சில்லும்.

“ஒவ்வொரு நாளும் கலியாணம், ஒவ்வொரு நாளும் தாலி அறுப்பு,” என்றேன் வேலிக்கு மேலால்.

செப்ரெம்பர் 21

அவன் இன்னும் கேட்கவில்லை. பெண்சாதியை விட்டுக் கேட்டால் கேட்டதாகுமோ? தன் வாய் திறந்து கேட்டால் அன்றைக்கே தள்ளிப் போடுவேன்.

ஒக்ரோபர் 9

வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. உழவுக்கு அவனிடம் ஊரே நிற்கிறது.

ஒக்ரோபர் 11

பராசக்திக்குக் காய்ச்சல். அவன் என் படலைக்கு வந்தான். வந்தானே!

“மாமா, ஒருக்கால் வந்து சில்லைப் பிடியுங்கோ. தனிய ஏலாமல் கிடக்கு. மழைக்கு முதல் தரவை வெளிக் கரையிலை உழவேணும். அங்கை சரிவு.”

எத்தனை நாள் காத்திருந்தேன். உடனே எழும்பலாமோ? “இரு தம்பி, ஒரு கதை. ஒரு ஊரிலை ஒரு கொக்காம். அதுக்கு மோதிரம் போட ஆசை வந்திட்டுதாம். தட்டானிட்டைப் போச்சுதாம். தட்டான் கேட்டானாம், எந்தக் காலுக்கு எண்டு…”

நின்று கேட்டான். கையில் நட்டுத் திருப்பும் சாவி. கொக்கு தட்டானுக்குச் சொன்ன மறுமொழி வர முதலே திரும்பிப் போய்விட்டான். மிசின் ஸ்ராட் எடுக்கிற சத்தம் கேட்டது. வளையம் பூட்டியிருக்க நேரம் இல்லை; பூட்டாமலே போகிறான்.

கதையை முடிச்சுப்போட்டு இறங்கத் தான் இருந்தனான். வேட்டியை மடிச்சுக் கட்டியும்போட்டன். பொறுக்க ஏலாதே உனக்கு?

அதே நாள், பின்னேரம்

சரிஞ்சிட்டுது. தரவைக் கரையிலை. கால் மிசினுக்குக் கீழை. ஆக்கள் சேந்து தூக்கித்தான் எடுத்தவை. மந்திகை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போய், அங்கையிருந்து யாழ்ப்பாணத்துக்கு.

பராசக்தி காய்ச்சலோடு ஒழுங்கையால் ஓடினாள். என் வேலி ஓலை அவள் கையைக் கீறினது. நிற்கவில்லை.

ஒக்ரோபர் 13

இடது கால். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம்.

வளையம் இரண்டும் ஒழுங்கை வாசலில், மதிலோரம், எண்ணெய் பூசிச் சாக்கால் மூடினபடி கிடக்கிறது. ஒன்றைத் தூக்கப் பார்த்தேன். அசையவில்லை. இந்தப் பாரத்தையே அவன் ஒவ்வொரு நாளும்?

ஒக்ரோபர் 16

வேலியைப் பிடுங்கி உள்ளே தள்ளிப் போட்டேன். பழைய இடத்துக்கும் உள்ளே. ஏன் என்று கேட்டவர்களுக்குக் கறையான் என்றேன்.

கறையான் தான்.

நவம்பர் 3

அவனைக் கூட்டி வந்துவிட்டார்கள். நான் போகவில்லை. என்ன சொல்லிக்கொண்டு போக? பகிடி ஒன்றும் வரவில்லை.

நவம்பர் 24

உடுப்பிட்டியில் இருந்து ஒருவன் வந்து மிசினை வாங்கினான். இரண்டு ஆட்களோடு வந்து, வளவுக்குள் வைத்தே நாலங்குல வளையத்தைப் பூட்டினான். ஒழுங்கையால் ஓட்டிக்கொண்டு வந்தான். ஒரு ஓலையிலும் முட்டவில்லை. பின்னால் திரும்பியும் பார்க்காமல் போனான்.

பூவரசந்தடி மதிலோரம் கிடந்தது. அதை எடுத்துக் குறுக்கே பிடித்துக்கொண்டு நடந்து பார்த்தேன். அவர்களின் படலை வரை போனேன். பராசக்தி படலையைச் சாத்த வந்தாள்.

“பிள்ளை, பாத்தியே? மோதிரத்தோடை அப்பிடியே போகுது. ரண்டு பக்கமும் ஒவ்வொரு சாண் மிச்சம். அண்டைக்கு நான் இவருக்கு அந்தக் கொக்குக் கதை சொல்லிக்கொண்டு நிக்கேக்கை, உண்மையிலை நான்…”

அவள் தடியில் கை வைத்தாள். நான் விட்டேன். நிலத்தில் ஊன்றி, தன் கக்கத்துக்கு எவ்வளவு வருகிறது என்று பார்த்தாள்.

“அவருக்கு ஊண்ட உது அளவாயிருக்கும்,” என்றாள்.

“…வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு இறங்கத் தான்…” என்று நான் சொல்லிக்கொண்டிருக்க, தடியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.