இரண்டு நட்டுக்காக ஏறிய தனசேகருக்கு

அன்பு மச்சான்,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. எப்படி இருக்கிறாய் என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. கல்லூரிச் செய்தி சொல்கிறேன், கேள்.

நீ கம்பம் போட்டுத் தூக்கி நிறுத்திய டிஷ் ஆன்டெனா ஓகோவென்று ஓடுகிறது. விண்வெளிப் படிப்புக்காக நம் கல்லூரி மற்ற கல்லூரிகளோடு போட்ட ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று கல்லூரிகள் சேர்ந்துவிட்டன. எண்ணூரிலிருந்தும் மாத்தூரிலிருந்தும் பிள்ளைகள் விம்கோ நகரில் நம் கல்லூரிக்கு பஸ் ஏறி வந்து, செயற்கைக்கோள் அனுப்புகிற மேகப் படத்தை வாய் பிளந்து பார்க்கிறார்கள். கம்பத்துக்கு வெல்டிங் வைத்தவன் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை.

ஒப்பந்த விழாவன்று காலையில் தாளாளர் வந்து நிமிர்ந்து பார்த்தாரே, ஞாபகம் இருக்கிறதா? வானத்தைப் பார்க்கிற டிஷ்ஷுக்குக் கீழேயிருந்து முதுகுதானே தெரியும்? "என்னப்பா, முகமே தெரியல. போட்டோல நல்லா விழணும், மேடைப் பக்கம் திருப்புங்க" என்றார். திருப்பினோம். இனி அதில் படம் ஒரு புள்ளிகூட வராது என்று உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

விழா நடுவில் என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "அடுத்து பசங்க கம்ப்யூட்டர்ல படத்த காட்டணும் மச்சான். ஒண்ணும் வரலன்னா அதுங்க மானம் பூடும். பழைய எடத்துக்கு பெயிண்ட்ல குறி போட்டு வச்சிகீறேன், ரெண்டு நட்டு தான். ஏணிய புடி." மேடைக்குப் பின்னால் நீ ஏறினாய். நான் பிடித்தேன். பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்போது மைக்கில் கூப்பிட்டார்கள், ஆய்வக ஊழியர்களும் குழுப் படத்துக்கு வரலாம் என்று. இருபது வருஷ வேலையில் என்னை மேடைக்குக் கூப்பிட்டது அன்றுதான். "ஒரு நிமிஷம் மச்சான்" என்றேன். உன் காதில் விழுந்ததா?

கைதட்டலில் நீ விழுந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. பின்வாசல் வழியாக உன்னைத் தூக்கிப் போனோம். விழா நிற்கவில்லை. அதற்குள் இரண்டு நட்டையும் முறுக்கிவிட்டிருந்தாய், மடையா. படம் பளிச்சென்று வந்ததாம். விருந்தினர் பிள்ளைகளைப் பாராட்டினாராம்.

மறுநாள் ஒரு தாளை நீட்டினார்கள். யாரிடமும் சொல்லாமல், துணையில்லாமல், நீயாகவே ஏறினாய் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். அழுதுகொண்டே போட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அழவில்லை. வேலை போய்விடுமே என்றுதான் யோசித்தேன்.

உன் பெண்டாட்டியை, என் கூடப் பிறந்த கலாவை, அதே ஆய்வகத்தைப் பெருக்க வைத்திருக்கிறார்கள். பெரிய மனசு! சுவரில் அந்தக் குழுப் படம் தொங்குகிறது. தினமும் அவள்தான் துடைக்கிறாள். போன வாரம் துடைத்த கை அப்படியே நின்றது. மேடைத் தட்டிக்கு மேலே, ஓரத்தில், ஏணிப்படியில் இரண்டு கால்கள்.

"அண்ணே, இது அவரு காலு தானே? நீ இங்க சிரிச்சுகினு நிக்கிற. ஏணிய யாரு புடிச்சுகினு இருந்தாங்க?"

"யாரும் இல்ல. வேணாம்னு தலபாடா அடிச்சுகினேன். எங்க கேட்டாரு?"

அன்றிலிருந்து உன் படத்துக்கு அவள் பூ வைப்பதில்லை. "யார் பேச்சையும் கேக்காம என்னிய நடுத்தெருவுல வுட்டுட்டுப் பூட்டியே" என்று உன்னைத்தான் திட்டுகிறாள். உன்னைக் கொன்றது போதாதென்று, உனக்காக அழுதுகொண்டிருந்த ஒருத்தியையும் பிடுங்கிக்கொண்டேன். நீ இருந்தால் என்னை அடித்திருப்பாயா? மாட்டாய். அதுதான் தாங்கவில்லை.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டுத்தான் அவள் வீட்டுக்குக் கிளம்புகிறேன். என்னை எனக்குத் தெரியும், இல்லாவிட்டால் பாதி வழியில் திரும்பிவிடுவேன். கையை எடுத்தது நான்தான் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். கல்லூரியிலும் எழுதிக் கொடுப்பேன். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு.

அதற்குப் பிறகு அவள் என்னை அண்ணன் என்று கூப்பிடமாட்டாள். இன்று சாயங்காலம் வரைக்கும்,

உன் மச்சான்,
கோபால்