இருபத்தாறு மணி நேரம்

டொராண்டோவில் இருக்கும் தம்பிக்கு,

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் நேற்று முடிந்தது. அதுவரை வாயை அடக்கிக்கொண்டிருந்தேன்.

மதுரை வந்து சேர இருபத்தாறு மணி நேரம், நடுவில் இரண்டு விமானம் மாற வேண்டும் என்றாய். சரி. அம்மாவை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் காத்திருந்தோம். மூன்றாம் நாள், "டிக்கெட் கிடைக்கலக்கா, நீங்களே எடுத்துருங்க" என்றாய். அதற்கும் சரி என்றேன்.

ஆனால் நான்தான் கொள்ளி வைக்கிறேன் என்று தெரிந்ததும் எவ்வளவு வேகமாகக் கூப்பிட்டாய்! "பொம்பள சுடுகாட்டுக்குப் போறதா? அசிங்கமா இல்ல? சித்தப்பாவ வைக்கச் சொல்லு." ஏன்டா, நீ வர இருபத்தாறு மணி நேரம், உன் அதிகாரம் வர அரை நிமிடமா? இங்கே தெருவில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. சித்தப்பாவே, "கடைசி வரைக்கும் பாத்தது நீதானே தாயி, நீயே வையி" என்று கொள்ளிக்குடத்தை என் தோளில் தூக்கி வைத்தார்.

இன்னொன்றும் கேட்டாய். கீழக்குயில்குடியில் சொந்த வீடு இருக்க, அவனியாபுரத்து வாடகை வீட்டில் அம்மா ஏன் சாகணும் என்று. போன வருஷம் அவள்தான் அடம்பிடித்து இங்கே குடி வந்தாள். "அம்புட்டு தூரம் வர்ற பிள்ள, பிளேன விட்டு எறங்குனதும் வீடு வந்துறணும்" என்றாள்.

உன் தூரத்தில் பத்துக் கிலோமீட்டரைக் குறைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். மிச்சம் உன்னுடையது.

கொள்ளி வைத்த கையால் எழுதும்,
உன் அக்கா