நீ சொன்ன தகடும் நான் சொன்ன கூம்பும்

என் ஆசை மச்சான் தயாளா,

உன் ஜீப்பைத் திறந்துவிட்டேன். கோபப்படாதே. நானாகத் திறக்கவில்லை. கரையான்சாவடித் திருப்பத்தில் பின் ஆக்சில் மடாரென்று முறிந்துவிட்டது. ஓட்டிக்கொண்டு போன என் தங்கச்சி கஸ்தூரி, அதுதான் உன் பெண்டாட்டி, எஸ்.டி.டி. பூத்திலிருந்து பட்டறைக்குப் போன் போட்டு ஒரே அழுகை. "அவரு வண்டி நடுரோட்ல குந்திக்கிச்சுண்ணா" என்றாள்.

ஏலத்தில் அந்தப் பழைய ராணுவ ஜீப்பை நீ எடுத்துவந்த மழைக்காலம் ஞாபகம் இருக்கிறதா? குத்தம்பாக்கம் சேற்றில் லாரிகளே புதைந்து கிடக்க, இது மட்டும் எருமை மாதிரி ஏறி வந்தது. சாதா வண்டியில் ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் அது மட்டும் வெட்டியாகச் சுற்றும், மற்றது சும்மா நிற்கும். இதில் இரண்டும் சேர்ந்து இழுத்தன. பட்டறையில் பின்பக்கத்தைத் தூக்கி ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினேன். சாதா வண்டியென்றால் எதிர்த் திசையில் சுற்றியிருக்க வேண்டிய மறு சக்கரமும் அதே திசையில் சுற்றியது. இரண்டு பின்சக்கரத்துக்கும் நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் பெட்டிக்குள் வழுக்கவிடாமல் பிடிக்கிற சமாசாரம் ஏதோ இருக்கிறது என்று இருவருக்கும் புரிந்தது. அது எந்த வகை என்பதில்தான் ஆரம்பித்தது வம்பு.

"தகடு வச்சது மச்சான். தொறந்தா ரெண்டு பக்கமும் அப்பளக்கட்டு மாதிரி அடுக்கி வச்சிருக்கும், ஓரமெல்லாம் காது காதா வெளிய நீட்டிகினு இருக்கும், பாத்துக்கோ" என்றாய்.

"போடா, கூம்பு வச்சதுடா. நடுவுல ஜன்னல் மாதிரி ஓட்டைல ஸ்பிரிங்கு வரிசையா தெரியும். தகடுன்னு ஒண்ணு இருக்கவே இருக்காது" என்றேன் நான்.

திருப்பத்தில் டயர் கிறீச்சிட்டால் உனக்கு அது தகட்டுச் சத்தம், எனக்குக் கூம்புச் சத்தம். தோற்றவன் ஆயுசுக்கும் ஜெயித்தவனை 'வாத்தியாரே' என்று கூப்பிட வேண்டும். பந்தயம் கட்டிவிட்டு, "ஓடுற வண்டிய தொறக்கமாட்டேன். அதுவா நிக்கட்டும், அப்ப பாத்துக்கலாம்" என்று சிரித்தாய். பாவி, அது நிற்பதற்குள் மார்வலி என்று போய்ச் சேர்ந்துவிட்டாயே!

அதன்பிறகு அந்தப் பெட்டியின் மூடியில் ஸ்பானர் வைக்கக் கஸ்தூரி யாரையும் விடவில்லை. எனக்கும் மனசு வரவில்லை. பந்தயம் முடியாத வரைக்கும் நீ எங்கேயோ டீ குடிக்கப் போயிருக்கிறாய் என்று நினைத்துக்கொள்ளலாம். திறந்துவிட்டால் உன்னோடு சண்டை போட எனக்கு வேறு என்ன மிச்சம்?

நேற்று அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மூடியைக் கழற்றினேன். கருப்பு எண்ணெய் வடிந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தேன். தகடு இல்லை. ஸ்பிரிங்கும் இல்லை. சாய்ந்த பல் வெட்டிய சக்கரங்கள் கொத்தாகப் படுத்திருக்குமே, அந்த மூன்றாவது வகையோ என்றால் அதுவும் இல்லை. சாதா பல்சக்கரம்தான் மச்சான்! எந்தப் படுபாவியோ நாலையும் ஒன்றாகச் சேர்த்து வெல்டிங் அடித்து வைத்திருக்கிறான். இரண்டு சக்கரமும் சேர்ந்து சுற்றாமல் என்ன செய்யும்? டயர் கத்தாமல் என்ன செய்யும்? ஆக்சில்தான் எத்தனை நாள் தாங்கும்?

விஷயத்தைச் சொன்னதும் கஸ்தூரி என்னையே முறைத்தாள். "இன்னாண்ணா, இதுக்கா என் ஊட்ல சோறு ஆற ஆற சண்ட போட்டீங்க? பெரிய மெக்கானிக்குங்க, ரெண்டு பேரும் சேந்து கோட்ட உட்டுட்டீங்க!" என்று சொல்லிச் சிரித்தாள். நீ போனபிறகு அவள் சிரித்து இப்போதுதான் கேட்கிறேன். சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டாள். நானும் அழுதேன். நீ இருந்திருந்தால் உன் சிரிப்பு பூந்தமல்லி வரைக்கும் கேட்டிருக்கும்.

ஏலக்குப்பையிலிருந்து ஒரு தகட்டு டிஃபரன்ஷியலைப் பொறுக்கி வந்து, "இப்டித்தான் இருக்கும், கண்ணால பாரு" என்று எனக்குக் காட்டிவிட்டு, டீசலில் கழுவிச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டாயே, அதை இன்று இறக்கினேன். இதே மாதிரி ஜீப்பின் சாமான்தான், அளவு கச்சிதமாக இருக்கிறது. புது ஆக்சிலோடு அதை என் கையாலேயே மாட்டப்போகிறேன். நாளைக்கு எவன் வந்து அந்த மூடியைத் திறந்தாலும், காது காதாகத் தகடுதான் தெரியும். நீ சொன்னதுதான் உள்ளே இருக்கும்.

இது சத்தியம், வாத்தியாரே.

கஸ்தூரியின் அண்ணன்,
உன் மச்சான் ஏகாம்பரம்