அப்பா போட்ட வேஷம்

ஐசல் ஆற்றங்கரை,
அக்டோபர் 1985

அன்பு மகன் கெர்வினுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். மழை தொடங்கியதும் அப்பாவுக்கு முழங்கால் வலியும் வந்துவிட்டது. சைக்கிள் கடையை இரண்டு நாள் மூடுங்கள் என்றால் மட்டும் காதில் ஏறாது. கனடாவில் இப்போதே குளிருமே! நான் பின்னி அனுப்பிய காலுறையைப் போட்டுக்கொள், பெட்டியில் பூட்டி வைக்காதே.

நம் ஊரில் சினிமா எடுத்தார்கள், தெரியுமா? போர்க்காலக் கதை. ஒரு வீட்டில் ஒளிந்திருக்கும் பையனை, அதே தெருக்காரன் ஒருவன் ஜெர்மன் படைக்குக் காட்டிக்கொடுக்கிறான். ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த இயக்குநர் அம்மாள், யாருக்கு என்ன வேஷம் வேண்டும் என்று சர்ச் கூடத்தில் ஊரைக் கூட்டிக் கேட்டாள். அத்தனை பேருக்கும் எதிர்ப்புப் படை வீரன் வேஷம்தான் வேண்டுமாம். போர் முடிந்த மறுநாளும் இங்கே இதே கதைதான், ஆளாளுக்கு நானும் எதிர்ப்புப் படை என்றார்கள். காட்டிக்கொடுப்பவன் வேஷத்துக்கு மட்டும் ஆளில்லை. "சினிமாதானே, யாராவது வாங்களேன்" என்று கெஞ்சினாள். எல்லோரும் அவரவர் காபிக் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

உன் அப்பா கை தூக்கினார்.

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். போரின்போது உன் தாத்தா, அப்பாவைப் பெற்றவர், விரல் நீட்டிக் காட்டித்தான் நம் தெரு ஹென்ட்ரிகாவின் அண்ணன் பிடிபட்டான், திரும்பி வரவே இல்லை என்பது இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? அந்தப் பேச்சு தாங்காமல்தானே நீயும் கடல் தாண்டிப் போனாய். பஞ்சர் ஒட்ட வருகிறவர்கள்கூட நம் வீட்டுக்குள் வந்து ஒரு வாய் காபி குடித்ததில்லை. வீட்டுக்கு வந்ததும், "உங்களுக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? ஊரே மறந்துகிட்டு வர்றதைக் கிளறணுமா?" என்று கத்தினேன். "யாரு மறந்தா, டீனி? வேற ஒருத்தன் அதைச் செய்ய, நான் கூட்டத்துல நின்னு வேடிக்கை பார்க்கணுமா? என்னால ஆகாது" என்றார்.

படப்பிடிப்பு அன்று நல்ல மழை. படத்துக்காகத் தன் வீட்டையே கொடுத்திருந்தாள் ஹென்ட்ரிகா. வீட்டுக்காரியாக நடித்ததும் அவள்தான். முதல் தடவை அப்பாவின் கை எழவே இல்லை. இரண்டாம் தடவை தூக்கிக் காட்டினார். ஜெர்மன் வீரர் வேஷம் போட்ட கல்லூரிப் பையன்கள் சேற்று பூட்ஸோடு வாசலுக்குப் பாய்ந்தார்கள். அவள் அலற வேண்டிய இடம் அது. அவளோ, "மிதியடி எதுக்குக் கிடக்கு? காலைத் துடைச்சிட்டு உள்ள வாங்கப்பா! காலைலதான் தரையைக் கழுவினேன்" என்றாள். துப்பாக்கியும் கையுமாக அத்தனை பேரும் வரிசையில் நின்று காலைத் துடைத்தார்கள்! தெருவே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். நடுத்தெருவில் நின்று அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

பிறகு எல்லோருக்கும் பட்டாணி சூப் ஊற்றினார்கள். ஹென்ட்ரிகா தன் கிண்ணத்தோடு வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்கண்ணனைப் பிடிச்ச அன்னிக்கு மாடி ஜன்னல்லேர்ந்து பார்த்துகிட்டிருந்தேன். உங்கப்பன் கை நடுங்கல. இன்னிக்கு உன் கை நடுங்குச்சு, ஹார்மென். அதையும் பார்த்தேன்" என்றாள். அப்பாவின் சூப் ஆறிப்போனது.

அன்றிலிருந்து என் மனசு நிறைந்து கிடக்கிறது கெர்வின். அப்பாவும் கடையில் சீட்டியடித்துக்கொண்டு வேலை செய்கிறார், சுருதிதான் சேரவில்லை.

அடுத்த மாதம் அவருடைய பிறந்தநாளுக்கு ஹென்ட்ரிகா வருகிறேன் என்றிருக்கிறாள். ஆப்பிள் கேக் செய்யப்போகிறேன். படப்பிடிப்பு முடிந்து நாங்கள் கிளம்பும்போது என்னைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "பிறந்தநாளுன்னா வீட்டுல எல்லாருக்கும் கை குடுத்து வாழ்த்துச் சொல்லணும்ல? அவனுக்குச் சொல்லுவேன், உனக்கும் சொல்லுவேன். உம் பையனுக்கு நான் எங்க போய்ச் சொல்றது?"

லீவு கேட்டுப் பார், கண்ணே. கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். அவள் கை நீட்டும்போது நீ இங்கே இருக்க வேண்டும்.

உன் வரவை வேண்டும்
அம்மா டீனி